ஆடிக் காற்றிலும் காயாத பள்ளம்

வாசகர் கேள்வி:

சார், எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்த ரோட்டில் மூன்று பள்ளங்கள். முதல் பள்ளம், பஸ் நிற்கிற இடத்தில், டீக்கடைக்கு முன்னால் ரோட்டோரம். இரண்டாவது, என் கடைக்கு நேராக நடு ரோட்டில். ஆடிக் காற்றில்கூட அது காயவில்லை. மூன்றாவது, பள்ளிக்கூட வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே நீளமாக, இரண்டடி அகலத்தில் இருக்கிறது. போன வருடம் குழாய் போடத் தோண்டிய இடம் அது. ஜூன் மாதம் மாமியாரைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டி வந்தேன். அந்த மூன்றடிப் பள்ளத்தில் வண்டி இறங்கி இருவரும் விழுந்தோம். அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மூன்று பள்ளத்தையும் எழுதிப் பேரூராட்சியில் மூன்று முறை மனு கொடுத்தேன். ஹைவேஸ் ரோடு என்கிறார்கள். ஹைவேஸ் ஆபீசில் கேட்டால், குழாய்க்காரர்கள் தோண்டியது என்கிறார்கள். 1100-க்குப் போன் செய்தேன். இரண்டு வாரம் கழித்து "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. பள்ளம் அப்படியே இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், கட்டட இடிசலைக் கொட்டி நாமே மூடிவிடலாம் என்கிறார்கள். வேறு சிலர் நாற்று நட்டுப் போராட்டம் நடத்தலாம் என்கிறார்கள். எது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மாமியாருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டதா? அந்த வயதில் மணிக்கட்டு முறிந்தால் கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடக்குவது சிரமம். டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். அவர் விழுந்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் பொறியியல் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ரோடு சம்பந்தமாக வருகிற மனுக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். "சாலை குண்டும் குழியுமாக உள்ளது, பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர், ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு உதவிப் பொறியாளர் என்ன செய்வார்? எந்தக் குழி, எவ்வளவு பெரிசு, எப்படி வந்தது என்று ஒன்றும் அதில் இருக்காது. ஃபைலில் கோத்து வைத்துவிடுவார்.

உங்கள் கடிதத்தில், ஆடிக் காற்றில்கூடக் காயவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை மொத்தக் கடிதத்திலும் அதுதான் முக்கியமான வரி. அம்மியே பறக்கும் என்கிற காற்றில், வெயில் காய்கிற தார் ரோட்டில் ஒரு குழி மட்டும் ஈரமாகவே கிடக்கிறதென்றால் அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வந்ததல்ல. அடியிலிருந்து வருகிறது.

தார் ரோடு என்பது தாரால் ஒட்டவைத்த ஜல்லிதான். மேலே தெரிகிற கறுப்பு சில அங்குலம் இருக்கும். பாரத்தைத் தாங்குவது அதற்குக் கீழே இறுக்கிப் போட்ட ஜல்லியும், அதற்கும் கீழே இருக்கிற மண்ணும். மண் நனைந்தால் பலம் போய்விடும். லாரி போகும்போது கறுப்புத் தோல் கீழே வளைந்து விரிசல் விடும். அந்த விரிசலில் தண்ணீர் நிற்கும்போது சக்கரம் ஏறினால், தண்ணீர் பிதுங்கி மேலே வரும், வரும்போது நுண்தூளையும் அள்ளிக்கொண்டு வரும். ஆயிரம் சக்கரம் ஏறி இறங்கினால் உள்ளே பொந்து விழுந்துவிடும். பிறகு ஒரு நாள் தோல் உடைந்து உள்ளே போகும். அன்றைக்குத்தான் நாம் "பள்ளம் விழுந்துவிட்டது" என்கிறோம். விழுந்தது அதற்கு எத்தனையோ நாள் முன்னால்.

அதனால் பள்ளம் என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். இதைச் சும்மா சொல்லவில்லை, சூடு பட்டுக் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன ஊரில் தேரோடும் வீதியில் ஒரு பள்ளம். ஒரே வருடத்தில் நான்கு முறை பேட்ச் போட்டேன். நான்கு முறையும் நானே டேப் பிடித்து அளந்து, எம்.புக்கில் (செய்த வேலையின் அளவீட்டுப் புத்தகம்) எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது முறை போய் நின்றபோது அந்த ஊர் குழாய் பிட்டர், வயதானவர், "சார், தண்ணி விடுற நேரத்துக்கு வந்து பாருங்க" என்றார். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். வால்வு திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என்னுடைய நான்காவது பேட்சின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வர ஆரம்பித்தன. தோண்டிப் பார்த்தால், மெயின் குழாயிலிருந்து ஒரு வீட்டுக்குக் கிளை எடுத்த ஜாயின்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. அரை மணி நேர வேலை. அதற்கப்புறம் போட்ட ஐந்தாவது பேட்ச், நான் மாற்றலாகிப் போகும்வரை அசையவில்லை. அந்த நான்கு கையெழுத்துகளை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் ரோட்டுக்கு வருவோம். மூன்று பள்ளத்துக்கும் மூன்று காரணம் இருக்கிறது, பொறுப்பு ஏற்க வேண்டியவர்களும் வேறு வேறு. மூன்றையும் ஒரே மனுவில் எழுதிவிட்டீர்கள். அதனால்தான் ஒவ்வொரு ஆபீசும் தனக்குச் சம்பந்தமில்லாத பகுதியைக் காட்டி மனுவை அடுத்த ஆபீசுக்குத் தள்ளிவிட முடிகிறது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆளுக்கொரு துண்டு உண்மையை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் ரோடு யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊருக்குள் இருப்பதால் பேரூராட்சி ரோடு என்று அர்த்தமில்லை. பஸ் ஓடுகிற ரோடு பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோடாக இருக்கும். ஊர் எல்லைக்கு நடந்து போய்க் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள் (மைல்கல் என்றுதான் இன்னும் சொல்கிறோம், மைல் போய் எத்தனை காலமாயிற்று). தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் கீழ்தான் வரும். அந்தக் கல்லில் இருக்கிற எண்ணையும், அதற்கு அடுத்து 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கிற 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, 14-ஆவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி 2-க்கும் 4-க்கும் நடுவில் உங்கள் கடை இருந்தால், நெடுஞ்சாலைத் துறை மொழியில் அந்த இடம் "கி.மீ. 14/2-4". மனுவில் இந்த எண் இருந்தால், படிக்கிறவருக்கு எழுதியவர் வேறு ஆளாகத் தெரிவார். "இது எங்கள் ரோடு இல்லை" என்று சொல்ல வாய் வராது. கல் புதைந்து போயிருந்தால் பக்கத்து மின்கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கிற எண்ணை எழுதி, அங்கிருந்து எத்தனை மீட்டர் என்று சொல்லுங்கள்.

பேரூராட்சியே "ஹைவேஸ் ரோடு" என்று சொல்லியிருப்பதால் அப்படியே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இரண்டாவது பள்ளம். உங்கள் கடை வாசலில் உட்கார்ந்தபடியே நான்கைந்து நாள் கவனியுங்கள். ஒரு நோட்டில் குழாயில் தண்ணீர் விடுகிற நாள், நேரம், பள்ளத்தின் ஈரம், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். தண்ணீர் விடுகிற நேரத்தில் ஈரம் ஊறிப் பிறகு குறைந்தால், ஊருக்குள் பிரித்துக் கொடுக்கிற குழாயிலோ வீட்டு இணைப்பிலோ கசிவு. அது பேரூராட்சியின் வேலை, வேறு யாரையும் கை காட்ட முடியாது. இரவு பகல் எந்நேரமும் ஒரே மாதிரி ஊறினால், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பெரிய குழாயாக இருக்கலாம். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயாக இருந்தால் அது குடிநீர் வடிகால் வாரியத்திடம் போகும். நாற்றமும் கறுப்பு நிறமும் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உடைந்து உள்ளே கசிகிறது. இந்தக் கடைசிச் சங்கதி இருந்தால் தாமதிக்காதீர்கள். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் கிடந்து, குழாயில் ஓட்டையும் இருந்தால், தண்ணீர் நின்ற நேரத்தில் அழுக்கு உள்ளே இழுக்கப்படும். அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு வருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மனு. அதில் பள்ளம் என்ற வார்த்தையே முதலில் வர வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பெறுநர்: செயல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம். பொருள்: குடிநீர்க் குழாய்க் கசிவைச் சரிசெய்யக் கோருதல் தொடர்பாக. எங்கள் சாலையில் கி.மீ. 14/2-4-ல், தையல் கடைக்கு எதிரே, மின்கம்பத்திலிருந்து மேற்கே 4 மீட்டர் தொலைவில் சாலையின் நடுவே நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. குடிநீர் வழங்கப்படும் நாட்களில் காலை 6 முதல் 8 மணி வரை கசிவு கூடுவதை இந்தத் தேதிகளில் கவனித்துக் குறித்துள்ளேன். குடிநீர் வீணாவதுடன் நெடுஞ்சாலைத் துறைச் சாலையும் சேதமடைந்துள்ளது. கசிவை அடைத்து, அதன் விவரத்தை எனக்குத் தெரிவிக்கக் கோருகிறேன். நகல்: உதவிப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை."

அந்தக் கடைசி நகல்தான் சூட்சுமம். நெடுஞ்சாலை உதவிப் பொறியாளருக்கும் உங்களைப் போலவே எரிச்சல் இருக்கும். அவர் போடுகிற பேட்சையெல்லாம் பேரூராட்சிக் குழாய் தின்றுகொண்டிருக்கிறது. உங்கள் மனுவின் நகல் கைக்கு வந்தால், "உங்கள் குழாயால் எங்கள் சாலை கெடுகிறது" என்று அவரே செயல் அலுவலருக்குக் கடிதம் எழுத ஒரு பிடி கிடைக்கிறது. ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசுக்கு எழுதுகிற கடிதத்துக்கு இருக்கிற மரியாதை நம் மனுவுக்கு இல்லை. வருத்தம்தான், ஆனால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மனுவை நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்ட்.

மூன்றாவது பள்ளம்தான் ஆளை விழவைத்தது, இதில் கோபமும் எனக்கு அதிகம். குறுக்கே நீளமாக என்றும், குழாய் போடத் தோண்டிய இடம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளமே இல்லை, சரியாக மூடாத வாய்க்கால். குழாய் போட வெட்டினால், மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இயந்திரத்தால் இடித்து இறுக்கிக்கொண்டே மேலே வர வேண்டும். பிறகு ஜல்லி, அதற்கு மேல் தார். நடப்பது என்ன? ஜேசிபி எடுத்த மண்ணை அதே ஜேசிபி ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போகும். இரண்டு மழையில் மண் தானாக இறங்கும், மேலே இருக்கிறதும் கூடவே இறங்கும். நேற்றுப் போட்ட ரோட்டை இன்றைக்கு வெட்டுகிற கொடுமை தனிக்கதை, அதற்குள் போனால் இந்தப் பதில் முடியாது.

ஆனால் உங்களுக்குச் சாதகமான விஷயம் இதில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறை ரோட்டை யாரும் சும்மா வெட்ட முடியாது. முன்அனுமதி வாங்க வேண்டும், ரோட்டைப் பழையபடி ஆக்குவதற்கான கட்டணத்தையும் கட்ட வேண்டும். ஆக, அந்த வெட்டுக்கு ஒன்று அனுமதி இருக்கும், பணமும் கட்டியிருப்பார்கள், அல்லது இரண்டுமே இருக்காது. எதுவானாலும் தாளில் தெரிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் சரிசெய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஏன் என்ற கேள்விக்குப் பதில் வாங்குவது கஷ்டம், ஆவணம் கேட்டால்தான் கிடைக்கும். இந்த இடத்தில் சாலையை வெட்ட அளித்த அனுமதிக் கடிதத்தின் நகல், கட்டப்பட்ட மீட்டெடுப்புக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதியில், அந்தப் பணத்தில் வேலை நடந்திருந்தால் அளவீட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்க நகல். இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறை மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. தவறான ஆபீசுக்கு அனுப்பிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டும். கை காட்டுகிற விளையாட்டுக்குச் சட்டத்திலேயே போட்ட முட்டுக்கட்டை அது. இன்னொன்றும் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. இதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில், அரசு வேலைகளை நேரில் ஆய்வு செய்யவும் பொருட்களின் சான்றளித்த மாதிரியைக் கேட்டு வாங்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. நான் வேலையில் இருந்தபோது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு ரோட்டு வேலையில் இதைக் கேட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க அந்த ஒப்பந்ததாரர் சைட்டை விட்டு நகரவில்லை.

பதில் வரும்வரை அந்த வெட்டு அப்படியே கிடக்கக் கூடாதில்லையா? அதற்கு நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. 2023-ல் வந்தது. அந்த இடத்திலேயே நின்று போட்டோ எடுத்துப் பதிவு செய்தால், சாலையின் வகையைப் பொறுத்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் பள்ளத்தை மூடுவதாகச் சொல்லித் தொடங்கினார்கள். அது நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளுக்கு மட்டும். பேரூராட்சித் தெருவை அதில் போட்டால் போன வேகத்தில் திரும்பி வரும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ரோடாக இருந்தால் 1033.

1100 எஸ்எம்எஸ் விஷயம். முதல்வரின் உதவி மையத்துக்குச் சொல்கிற புகார், கடைசியில் அதே உள்ளூர் ஆபீசின் கம்ப்யூட்டரில்தான் போய் விழுகிறது. அங்கே இருக்கிற அலுவலர் "இது வேறு துறை, அங்கே அனுப்பப்பட்டது" என்று பதில் ஏற்றினாலும் அவர் பக்கத்தில் மனு முடிந்த கணக்கு. உங்களுக்கும் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். பழைய புகார் எண்ணைச் சொல்லி மறுபடி அழையுங்கள், வேலை நடக்கவில்லை என்று பதியச் சொல்லுங்கள். இந்த முறை ஒரு பள்ளத்துக்கு ஒரு புகார், கி.மீ. எண்ணோடு.

முதல் பள்ளம், பஸ் நிற்கிற இடம். இதில் தண்ணீரும் உண்டு, டீசலும் உண்டு. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற தண்ணீர் ரோட்டோரம் தேங்குகிறதா என்று பாருங்கள். பஸ் ஒரே இடத்தில் பிரேக் போட்டு நின்று, ஒரே இடத்தில் உறுமிக் கிளம்புகிறது. நிற்கும்போது டீசலும் ஆயிலும் சொட்டும். நாம் தார் என்று சொல்கிற பொருள் கச்சா எண்ணெயிலிருந்து வருவது, டீசல் பட்டால் இளகிவிடும். அந்த இடத்தில் பஸ் நீளத்துக்கு கான்கிரீட்டோ பேவர் பிளாக்கோ போட்டால்தான் நிற்கும். இது பேட்ச் கணக்கில் வராது, தனி எஸ்டிமேட் வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள். டீக்கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றச் சொல்ல எந்த மனுவும் தேவையில்லை, அதை நீங்களே இன்றைக்குச் சொல்லலாம்.

தண்ணீரில் கரையாத ரோடு இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசித் தார் கலக்கிற முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிளாஸ்டிக் பூசிய ஜல்லியைத் தார் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் சுலபத்தில் பிரிக்காது. நல்ல ரோடு. ஆனால் அடியில் குழாய் ஒழுகி மண் சேறானால் அதுவும் உட்காரத்தான் செய்யும்.

இப்போது எப்போது கேட்பது என்பது. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தால் தார் வேலை நிற்கும். ஈரத்தில் தார் ஒட்டாது. இப்போது உங்களுக்குக் கையில் இருப்பது இரண்டு மாதம். இன்னொரு உள்விஷயமும் இருக்கிறது. தார்க் கலவை போடுகிற பிளான்ட்டை உங்கள் மூன்று பள்ளத்துக்காக யாரும் சூடேற்ற மாட்டார்கள். ஒரு டிப்பர் லோடாவது வேண்டும், அதுவும் சூடு ஆறுவதற்குள் போட்டு உருட்ட வேண்டும். சின்ன ஊர்ப் பள்ளங்கள் மாதக்கணக்கில் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அதனால் உங்கள் ஊரைச் சுற்றி எங்காவது நெடுஞ்சாலைத் துறை ரோடு போடுகிற வேலை நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஆட்டோ தம்பிகளுக்குத் தெரியாமல் இருக்காது. நடந்தால், அந்த வாரமே உதவிப் பொறியாளரைப் பார்த்து, "சார், அங்கே வருகிற லோடில் எங்கள் பள்ளத்துக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள்" என்று கேளுங்கள். நான் இருந்த ஊர்களில் இப்படித்தான் பாதிப் பள்ளம் மூடினோம். அதுவும் கிடைக்காவிட்டால், சூடாக்கத் தேவையில்லாமல் பையில் வருகிற ஆயத்தக் கலவை இருக்கிறது. அதற்கு, சாலை வேலைக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-லேயே விதிமுறை வெளியிட்டிருக்கிறது. "மழைக்காலம், ஒன்றும் செய்ய முடியாது" என்று சொன்னால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஆள் வந்து வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒழுங்கான பேட்ச் என்றால், குழியைச் சுற்றி நல்ல ரோடு தொடங்குகிற இடம்வரை சதுரமாக வெட்டுவார்கள். ஓரம் செங்குத்தாக நிற்கும், கிழிந்த துணியை ஒட்டுப் போடும் முன் நீங்கள் ஓரம் வெட்டிச் சீராக்குவது போல. உள்ளே இருக்கிற சேறு, தூசி எல்லாம் வெளியே வர வேண்டும். அடியிலும் ஓரத்திலும் ஒட்டுவதற்குத் தார்ப் பூச்சு அடிப்பார்கள். ஆழமாக இருந்தால் இரண்டு தடவையாக நிரப்பி இடிப்பார்கள். முடித்ததும் ரோட்டைவிட மயிரிழை மேடாகத் தெரிய வேண்டும், வண்டிகள் ஓடி அது சமமாகிவிடும். குழிக்குள் தண்ணீர் நிற்கும்போதே கலவையைக் கொட்டி மண்வெட்டியின் முதுகால் தட்டினார்கள் என்றால் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டாம், போட்டோவும் தேதியும் போதும்.

ஆட்டோ தம்பிகளின் யோசனைக்கு வருகிறேன். மனசு நல்லது, இடிசல் வேண்டாம். உடைந்த செங்கல் ஒரே வாரத்தில் மாவாகும், மழை வந்தால் சேறாகும். கான்கிரீட் துண்டும் உருண்டை ஜல்லியும் தெறித்து ரோட்டில் பரவினால் இரு சக்கர வண்டிக்குப் பள்ளத்தைவிட ஆபத்து. நாளைக்கு யாராவது அதில் சறுக்கி விழுந்தால் கொட்டியது யார் என்ற பேச்சும் வரும். சிமென்ட் ஊற்றவும் கூடாது, நடுவில் அது கல்லாக நிற்க, சுற்றி இருக்கிற தார் உடைந்து பள்ளம் பெரிதாகும். இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டுமென்றால் மூன்று பள்ளத்தையும் சுற்றிச் சுண்ணாம்பால் பட்டையாகக் கோடு போடச் சொல்லுங்கள், ராத்திரியில் வண்டி வெளிச்சத்தில் தெரியும். வளைவுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கைப் பலகையோ தடுப்போ வைக்கச் சொல்லி நெடுஞ்சாலைத் துறையின் சாலை ஆய்வாளரிடம் கேளுங்கள். அவர் வாரத்தில் ஒரு நாளாவது அந்த வழியாகப் போகிறவராகத்தான் இருப்பார்.

நாற்று நடுவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பேப்பரில் படம் வந்த மறுநாள் ஜல்லி வந்து இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன், இறக்கியதும் நான்தான். அவசரத்தில் இறக்குகிற ஜல்லி மூடியதோடு சரி, குழாயை யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் இரண்டாவது பள்ளத்தில் நாற்று நட்டால் வேண்டுமானால் நன்றாக வளரும்.

மாமியார் விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் விபத்துப் பதிவேட்டின் நகல் வாங்கி வையுங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் எக்ஸ்ரே, பில், டிஸ்சார்ஜ் சீட்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதில் ரோட்டு வெட்டில் வண்டி இறங்கியதால் விழுந்தோம் என்ற வரி தெளிவாக இருக்க வேண்டும். வண்டி ஓட்டியது நீங்கள் என்பதால் ஓட்டியவரின் கவனக்குறைவு என்று முடித்துவிடப் பார்ப்பதும் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையில் பள்ளங்களால் இறந்தவர்கள் 1,856 பேர் என்று இருக்கிறது. அது போலீஸ் பதிவில் பள்ளம் என்று எழுதப்பட்டவர்களின் கணக்கு மட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலையைத் தரப்படி அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டு அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்கள் மாமியாருக்கு அது பொருந்துமா, நஷ்டஈடு கேட்க வேறு வழி உண்டா என்பதெல்லாம் வக்கீல் சொல்ல வேண்டியது. அதற்குச் செலவு ஆகுமே என்று யோசிக்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும், தாலுகா கோர்ட்டிலும் குழு உண்டு.

இதெல்லாம் செய்தும் மழைக்கு முன் வளைவில் வேலை நடக்காவிட்டால் ஒரு பழைய வழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில் ஒரு தெருக்காரர்கள், சாக்கடை நாற்றம் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி, காசில்லை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் இல்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்று 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அவர்கள் பயன்படுத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. பொது வழியில் இருக்கிற இடையூறை அகற்ற ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு போடலாம். அதற்கு முதல் படியாகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் முத்திரை வாங்கிய நகல்களையெல்லாம் சேர்த்து ஒரு மனு கொடுத்துவிடுங்கள். வெறும் கையோடு போகிறவருக்கும் தேதியோடு ஐந்து தாள் வைத்திருப்பவருக்கும் அங்கே கிடைக்கிற கவனிப்பே வேறு.

ஒன்று விட்டுப்போயிற்று. மூன்றாவது பள்ளத்தின் அகலம் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் இரண்டடி, நான்கு வரி தள்ளி மூன்றடி. மனுவில் இப்படி இருந்தால் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து மீட்டரில் எழுதுங்கள். காலையில் வண்டி நடமாட்டம் குறைவான நேரத்தில், ஒரு ஆட்டோ தம்பியைக் கொடி காட்ட நிறுத்திவிட்டு அளக்கலாம். தையல் கடையில் டேப்புக்குப் பஞ்சமில்லை. உங்கள் இன்ச் டேப் 60 அங்குலம்தான் இருக்கும், வளைவில் இருக்கிற வெட்டின் நீளத்துக்கு நான்கைந்து தடவை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.